சங்கத்தின் கொப்பி யார் கையில்?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய இலக்கிய வட்டத்தின் செயலாளர் நான். இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். போயா நாட்களில் சனசமூக நிலையத்தில் கூடுவோம். கொழும்பில் உள்ள ஒரு தேசிய எழுத்தாளர் சங்கம் எங்களைத் தன்னுடைய மாவட்டக் கிளையாகச் சேரச் சொல்கிறது. சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு நூலுக்கு அச்சுச் செலவு, அடையாள அட்டை, அமைச்சின் விழாக்களுக்கு அழைப்பு எல்லாம் உண்டு. ஆனால் கிளையின் காப்பாளராகப் பதவி வழியில் ஓர் அரச அதிகாரி இருப்பார். நாங்கள் வெளியிடும் எந்த நூலின் கையெழுத்துப் பிரதியும் முதலில் அவர்களுடைய குழுவின் சிபார்சைப் பெற வேண்டும். உறுப்பினர் விபரக் கோவையும் அவர்களிடம் இருக்க வேண்டும். மூத்தவர்கள் சேருவோம் என்கிறார்கள். இளையவர்கள், “அரசின் காசில் புத்தகம் போட்டுவிட்டு எங்கள் செத்தவர்களைப் பற்றி எழுத முடியுமா?” என்று கேட்கிறார்கள். இதற்கிடையில் மூன்று கிழமைக்கு முன் சிவில் உடையில் இருவர் வந்து உறுப்பினர் பட்டியல் கேட்டார்கள். என்ன செய்யலாம், ஐயா?

அன்பின் தங்கச்சிக்கு,

சேரலாம். ஆனால் அவர்கள் அனுப்பிய படிவம் இப்போது இருக்கிறபடி இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். காப்பாளர், கையெழுத்துப் பிரதி, உறுப்பினர் கோவை என்ற மூன்று நிபந்தனைகளும் மாறினால் சேருங்கள். மாறாவிட்டால் இருக்கிற இருபத்து மூன்று பேரோடு இருங்கள். சங்கம் சின்னதாக இருப்பது சட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

அரசின் காசு என்றதும் உங்கள் இளையவர்களுக்கு மனம் கூசுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அது எவருடைய வீட்டுக் காசும் இல்லை. பரந்தன் சந்தியில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும் அதில் வரி போகிறது. தேசிய நூலகத்தின் நூல் வெளியீட்டு உதவிக்கும், மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் சிறந்த நூல் பரிசுக்கும் விண்ணப்பிப்பது உங்கள் உரிமை. பிரதேச செயலகக் கலாசாரப் பேரவையின் மலரில் எழுதுவதும் அப்படித்தான். அங்கே நல்ல கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஊர் ஊராகத் தேடிப் போய், மறந்துபோன கூத்துப் பாட்டுகளை எழுதி எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எனக்குக் கவலை, அந்தக் காசு எந்த வாசலால் வருகிறது என்பதுதான். ஒரு விதி இருக்கிறது, விண்ணப்பம் போடுகிறீர்கள், கிடைக்கிறது அல்லது கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி போடலாம். அது ஒரு வகை. நீங்கள் எங்கள் உறுப்பினர், ஆகவே தருகிறோம், நாளைக்கு நீக்கினால் எல்லாம் போகும் என்பது வேறு வகை. அந்த இரண்டாவது வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

1932 ஏப்ரலில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு ஒரு தீர்மானம் போட்டு, அதுவரை இருந்த எழுத்தாளர் அமைப்புகளைக் கலைத்தது. எல்லோருக்கும் ஒரே சங்கம் என்றானது. 1934 ஆகஸ்டில் மொஸ்கோவில் அதன் முதல் மாநாடு, மக்சிம் கோர்க்கியின் தலைமையில். மலிவு விலையில் வந்த சோவியத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன் நான். கோர்க்கி மீது எனக்கு இன்றைக்கும் அன்பு உண்டு. அந்தச் சங்கம் தொடங்கியபோது அதில் நம்பிக்கையோடு சேர்ந்தவர்கள் ஏராளம். வீடு, ஓய்வு விடுதி, வைத்தியம், கடன் எல்லாம் சங்கத்தின் வழியாகவே கிடைத்தன. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1946 ஆகஸ்டில் கட்சி, அன்னா அக்மதோவா என்ற கவிஞரையும் சோஷ்செங்கோ என்ற கதைக்காரரையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. சங்கம் இருவரையும் நீக்கியது. அதோடு அவர்களுடைய பங்கீட்டு அட்டையும் போனது. போர் முடிந்து ஒரு வருடம்தான், பாணுக்கே அட்டை வேண்டிய காலம். 1958இல் பாஸ்டர்நாக்குக்கு நோபல் பரிசு அறிவித்துச் சில நாட்களுக்குள் அவரையும் நீக்கினார்கள். கை உயர்த்தி நீக்கியவர்கள் பொலிஸ்காரர் இல்லை, கூட இருந்து எழுதியவர்கள். 1964இல் லெனின்கிராட்டில் யோசப் பிரோட்ஸ்கி என்ற இளைஞன் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறான் என்று வழக்குப் போட்டார்கள். உன்னைக் கவிஞர் என்று அங்கீகரித்தது யார் என்று நீதிபதி கேட்டார். அவனிடம் காட்ட அட்டை இல்லை. வடக்கே குளிருக்குள் ஐந்து வருடக் கட்டாய வேலைக்குத் தீர்ப்பானது.

அட்டை என்றால் என்ன என்பதை வன்னியில் இருந்தவருக்கு விளக்கத் தேவையில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் நான் பார்த்த ஒரு கிழவி, நிவாரண அட்டையைப் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, நூலால் கட்டி, சட்டைக்குள் வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது அதை மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார். வெளியே எடுக்கும் ஒவ்வொரு தரமும் பெயர் அழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அக்மதோவாவின் கதையை முதலில் வாசித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. உங்கள் வட்டத்தில் வறுமையான ஓர் எழுத்தாளருக்கு இந்தச் சங்கம் கொடுக்கும் அட்டையும் ஒருநாள் அப்படி ஆகலாம். அதைப் பறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம்மவர்களின் அனுபவமும் இருக்கிறது. 1946இல் தொடங்கி 1954இல் மறுபடி துளிர்த்த இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் மீது எனக்கு மரியாதை அதிகம். டொமினிக் ஜீவாவும் டானியலும் போல, சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதும் காலத்துக்குத் தோள் கொடுத்தது அது. ஈழத்து எழுத்துக்குத் தனி முகம் உண்டு என்று சண்டை பிடித்ததும் அதுதான். ஆனால் 1970இல் வந்த கூட்டரசாங்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளி. சங்கத்தின் முன்னணியில் இருந்த பலர் அந்தக் கட்சிக்கு நெருக்கமானவர்கள். 1975இல் கொழும்பில் சிங்கள, தமிழ் எழுத்தாளர்களைக் கூட்டி ஒருமைப்பாட்டு மாநாடு நடத்தினார்கள். நோக்கம் நல்லது, இன்றைக்கும் வேண்டியது. ஆனால் 1972இன் அரசியலமைப்பும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் தமிழ்ப் பிள்ளைகளைக் கொதிக்க வைத்திருந்த நேரம் அது. அரசுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதை அவர்கள் அரசுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்கள். சொன்னதில் பாதி நியாயமாக இருந்தும் இளையவர்கள் காது கொடுக்கவில்லை. இது என் கணிப்பு. உங்கள் மூத்தவர்களில் சிலர் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அரசு என்று நான் சொல்லும்போது கொழும்பை மட்டும் சொல்லவில்லை. என் மேசை லாச்சிக்குள் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. 2003ஆம் ஆண்டு, சமாதான காலம், ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். இங்கே நாங்கள் சிலர் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினோம். அதன் கூட்டக் குறிப்புக் கொப்பி அது. 2009இல் வட்டத்தில் இருந்த ஒருவரின் மனைவி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்ததால் தப்பியது. நனைந்து காய்ந்ததில் தாள்கள் அலை அலையாக நிற்கின்றன.

அதில் ஒரு பக்கத்தில் மூன்று கவிதைகளின் பெயர்கள். முதல் இரண்டுக்கும் எதிரே நீலப் பேனையால் ‘வாசிக்கப்பட்டது’. மூன்றாவதுக்கு எதிரே பேனையால் எழுதியதை அடித்து, மேலே பென்சிலால் ‘நேரம் போதவில்லை’ என்று இருக்கிறது. நேரம் இருந்தது. மகனைப் போருக்கு அனுப்ப மனம் வராத ஒரு தாயைப் பற்றிய கவிதை அது. அப்போது இங்கே நிர்வாகம் நடத்தியவர்களில் ஒருவர் கூட்டத்துக்கு முன் வந்து, இது இப்போதைக்கு வேண்டாமே என்று சொன்னார். அதட்டவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். பென்சிலால் எழுதியது நான். அந்தக் கவிதையை எழுதிய பெண் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அவர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.

ஆகவே காப்பாளர் நல்ல மனிதர்தானே என்று உங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். நல்லவராகவே இருக்கட்டும். கெட்டவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவோம். நல்லவர் சொன்னால்தான் பென்சிலை எடுப்போம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். சங்கம் சேரும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. நாலு பேர் கூடிக் கதை வாசிக்க யாருடைய பதிவும் தேவையில்லை. பதிவு வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம் ஏழைகள், நோயாளர், அநாதைகள், மாற்றுத்திறனாளிகள், அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு நிவாரணம் கொடுக்கும் அமைப்புகளைப் பற்றியது. கவிதை வாசிக்கும் வட்டம் அதற்குள் வராது. ஆனால் நடைமுறை வேறு. வங்கியில் கணக்குத் திறக்கவும் மண்டபம் எடுக்கவும் பதிவுக் கடிதம் கேட்பார்கள். அதற்காகப் பிரதேச செயலகத்தில் ஒரு கலாமன்றமாகப் பதிவு செய்வதில் பிழையில்லை. பதிவு என்றால் உங்கள் பெயரும் விலாசமும் சங்க விதிகளான யாப்பும் அங்கே ஒரு கோவையில் இருக்கும், அவ்வளவுதான். அதை வைத்து உங்கள் கூட்டத்துக்கு யாரும் தலைவராக முடியாது. பதிவு செய்த நாளில் கொடுத்த யாப்பின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாராவது வேறு ஒரு யாப்பைக் காட்டினால் அந்தப் பிரதிதான் பேசும்.

இனி அந்த மூன்று நிபந்தனைகள். பதவி வழிக் காப்பாளர் என்ற வரியை வெட்டச் சொல்லுங்கள். அதிகாரிக்கு விழாவில் முன்வரிசைக் கதிரையும் மாலையும் பேச நேரமும் கொடுங்கள், அது நம் பண்பாடு. யாப்புக்குள் இடம் கொடுக்காதீர்கள். காப்பாளர் கட்டாயம் வேண்டும் என்றால் உங்கள் பொதுச்சபை ஒரு வருடத்துக்குத் தெரிவு செய்யட்டும், வாக்குரிமை இல்லாமல்.

கையெழுத்துப் பிரதி விடயத்தில் அவர்கள் கேட்பதில் பாதி நியாயம். தங்கள் செலவில் அச்சிடும் இரண்டு நூல்களைத் தெரிவு செய்ய அவர்களுக்கு ஒரு குழு வேண்டும்தான். தெரிவின் விதிகளை எழுத்தில் கேளுங்கள். தெரிவான பிறகு எழுதியவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெட்டக் கூடாது என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் காசில் நீங்கள் போடும் புத்தகத்தை அவர்களுக்குக் காட்டத் தேவையே இல்லை. இந்த நாட்டில் ஒரு புத்தகத்தை அச்சிட முன் அனுமதி பெற வேண்டியதில்லை. மேடை நாடகப் பிரதிக்குத்தான் அப்படி ஒரு சபை இருக்கிறது. அச்சான பிறகு அச்சகத்தார் சட்டப்படி சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் அனுப்ப வேண்டும். அதைச் செய்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

உறுப்பினர் கோவையைக் கொடுக்க வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயரும் மொத்த எண்ணிக்கையும் ஒரு கிளைக்குப் போதும். அடையாள அட்டை விரும்புகிறவர் தன் விபரத்தைத் தானே அனுப்பட்டும். உறுப்பினரை நீக்கும் அதிகாரம் உங்கள் பொதுச்சபைக்கு மட்டும் என்றும், நீக்கும் முன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அவர்கள் படிவத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்க்கச் சொல்ல வேண்டும். எழுதியதற்காக ஓர் உறுப்பினர் கைதானால் சங்கம் என்ன செய்யும்?

நான் கற்பனையில் கேட்கவில்லை. மன்னார் சிலாவத்துறைப் பக்கத்துப் பிள்ளை அஹ்னாப் ஜசீம், தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர். 2020 மே மாதம் ஒரு கவிதைத் தொகுப்பைக் காட்டிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டித்து எழுதிய வரிகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைக்குள் அதைச் சொல்லியிருப்பார்கள். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசம்பரில். அதற்கு முதல் 2019இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். தேசிய எழுத்தாளர் சங்கம் என்ற பெயருக்குத் தகுதி இப்படியான நாளில்தான் தெரியும். அந்த நாளில் அந்தச் சங்கம் சட்டத்தரணி பிடிக்குமா, அறிக்கை விடுமா, அல்லது உறுப்புரிமையை இடைநிறுத்துமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்கு என் கடிதமே தேவையில்லை.

உங்கள் இளையவர்களின் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி எழுதுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. முள்ளிவாய்க்காலில் தன் தங்கையை எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று ஓர் அண்ணன் எழுதினால் அது அவனுடைய வாழ்க்கை. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் சமூகங்களுக்கிடையே பகைமை மூட்டுவது பற்றிய வாசகம் மிக அகலமானது. அதை நீட்டி எதையும் பிடிக்கலாம். பயந்து எழுதாமல் விட வேண்டாம். எழுதும்போது உங்களுக்குத் தெரிந்ததை, பார்த்ததை, பெயர் சொல்லக் கூடிய இடத்தில் பெயர் சொல்லி, சரியான திகதியோடு எழுதுங்கள். உயிரோடு இருக்கிறவர்களின் பெயரைப் போட முன் அவர்களிடம் கேளுங்கள். இது ஒரு சட்டத்தரணியாகவும் இந்த மண்ணின் ஆளாகவும் நான் சொல்வது.

சிவில் உடையில் வந்தவர்கள் விடயம் அவசரம். மறுபடி வந்தால் தனியாகப் பேச வேண்டாம், இன்னொருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையாக உட்காரச் சொல்லுங்கள், பெயரும் உத்தியோக அடையாள அட்டையும் கேளுங்கள். பட்டியல் வேண்டுமென்றால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் தாருங்கள், எங்கள் சட்டத்தரணியிடம் காட்டிப் பதில் தருகிறோம் என்று சொல்லுங்கள். வெறுமனே கேட்டுவிட்டுப் போனது மட்டும் என்றால் வழக்குக்குப் போகும் அளவு இல்லை. மிரட்டல் இருந்திருந்தால், யாருடைய வீட்டுக்காவது போயிருந்தால், உங்கள் மாவட்டத்துக்குப் பொறுப்பான மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. உங்களுக்கு மூன்று கிழமை ஓடிவிட்டது.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகையைத் தொடங்கி, சந்தாவும் விளம்பரமுமாக, கையில் கொண்டுபோய் விற்று, நானூறு இதழுக்கு மேல் கொண்டுவந்தார். அவர் அரச சாகித்தியப் பரிசும் வாங்கியவர்தான். ஆனால் பத்திரிகையை நடத்தியது வாசகர்களின் காசு. உங்கள் இருபத்து மூன்று பேரும் மாதம் ஐந்நூறு ரூபாய் போட்டால் வருடத்தில் 1,38,000 ரூபாய் சேரும். அதோடு வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் என்வலப்பில் வைக்கும் காசு. அந்த என்வலப்புகளை மேடையில் கொடுத்த கையோடு பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து எண்ணி, பெயரோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். கணக்குச் சுத்தமாக இருக்கும் சங்கத்துக்குள் வெளியாள் நுழைவது கஷ்டம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தம்கூட, நிதி மோசடி என்ற வாசலால்தான் ஓர் அமைப்புக்கு இடைக்கால நிர்வாகத்தைப் போட அமைச்சருக்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டம் உங்களைத் தொடாது, என்றாலும் கற்க வேண்டியது இருக்கிறது.

திருத்தங்களைக் கடிதமாக எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம். அடுத்த போயாவுக்கு முன் ஒரு நாள் வாருங்கள். சேர வேண்டும் என்கிற மூத்தவர்களில் ஒருவரையும், வேண்டாம் என்கிற இளையவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும்போது யாப்பு, வங்கிப் புத்தகம், கூட்டக் கொப்பி மூன்றும் கையில் இருக்கட்டும். அந்த இருவர் வந்து போனதை இன்னும் கொப்பியில் எழுதவில்லை என்றால் திகதி, நேரம், அங்கே நின்றவர்கள் பெயர் எல்லாம் போட்டு இன்றைக்கே எழுதுங்கள், பேனையால்.